சம்பங்கிக்கு ஒரு ஜாடி

ஜூன் 8, ஞாயிறு

சொம்பு மறுபடியும் சாய்ந்தது. டி.வி. ஸ்டாண்டு முழுக்கத் தண்ணீர். அத்தை முந்தானையால் முதலில் தன் மகள் அரசியின் போட்டோவைத் துடைத்தார். பிறகு டி.வி.யை. தரையைக் கடைசியாக.

காரணம் எளிது. சம்பங்கித் தண்டு ஒவ்வொன்றும் முழங்கையைவிட நீளம். சொம்போ குட்டை, கழுத்தும் ஒடுக்கம். உள்ளே போகும் தண்டுகள் விரிய இடமில்லாமல் ஒரே பக்கம் சாய்கின்றன. எடை மையம் அடிப்பாகத்தை விட்டு வெளியே போய்விடுகிறது. விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மாலையாக வாங்கிப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சம்பங்கியை மாலையாகக் கட்டினால் அரசிக்குப் பிடிக்காது, எழவு வீடு மாதிரி இருக்கிறது என்பாள். தண்டோடு வாங்கித் தண்ணீரில் வைப்பாள். அதனால் அத்தையும் வெள்ளிக்கிழமைதோறும் பூ மார்க்கெட்டுக்குப் போய்த் தண்டாகவே வாங்கி வருகிறார்.

மதியம் ரசமும் உருளைக்கிழங்கும். பரிமாறிவிட்டு அத்தை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றுகொண்டார். மருமகன் சாப்பிடும்போது மாமியார் எதிரே உட்காரக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். அரசி இருந்தபோது நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசுவாள். இப்போது இரண்டு பக்கம் மட்டும் இருக்கிறது.

ஜூன் 11, புதன்

நிலோஃபர் போன் செய்தாள். அரசியோடு காலேஜில் படித்தவள், வடவள்ளியில் மண்பாண்டம் செய்யக் கற்றுக்கொடுக்கும் ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். அவளுடைய சக்கரம் ஓடும்போது கரகரவென்று சத்தம் வருகிறதாம், மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுப் புதுசு வாங்கச் சொன்னானாம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன். எனக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வேறு வேலை இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

பெல்ட் தேய்ந்திருந்தது, மாற்றினேன். வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழைய போர்டைக் கழற்றிவிட்டுக் எங்கள் கம்பெனி ஸ்டோரில் கழித்துப் போட்டிருந்த மோட்டார் டிரைவ் ஒன்றைப் பொருத்தினேன். லோடு எவ்வளவு ஏறினாலும் வேகம் குறையாது. நல்ல டிரைவ்.

லோடு இல்லாமல் ஓட்டினால் எதுவும் தெரியாது என்றேன். நிலோஃபர் ஒரு உருண்டைக் களிமண்ணைச் சக்கரத்தில் அறைந்து வைத்து, "நீங்களே பிடிச்சுப் பாருங்கண்ணா" என்றாள். உட்கார்ந்து பிடித்தேன். களிமண் குளிர்ச்சியாக இருந்தது.

லேசான அதிர்வு இருந்தது. நிறுத்திவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன், பேரிங்கைப் பார்த்தேன். இரண்டும் சரியாக இருந்தன. மறுபடி ஓட்டினேன், மறுபடி அதிர்வு. நிலோஃபர் பிடித்தபோது இல்லை. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சட்டையைப் பார்த்துவிட்டு, வண்டியிலிருந்து விழுந்துவிட்டேனா என்று பதறிக் கேட்டார். மெஷின் வேலை என்றேன்.

ஜூன் 16, திங்கள்

சட்டையை இரண்டு முறை துவைத்திருக்கிறார். கறை போகவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சம்பங்கிக்கு நானே ஒரு ஜாடி செய்யப் போகிறேன். தேவை இதுதான்: கனமான அடி, உயரமான உடம்பு, ஒடுங்கிய கழுத்து, அதற்கு மேல் ஊமத்தம்பூ மாதிரி விரிந்த வாய். கழுத்து தண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும், வாய் அவற்றை எல்லாப் பக்கமும் சரிசமமாகச் சாய்க்கும். எடை நடுவிலேயே நிற்கும். களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும் என்பதால் அதற்கும் சேர்த்துக் கணக்கிட்டு, எவ்வளவு கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை என்ற அளவுகளோடு ஒரு டிராயிங் போட்டு எடுத்துப் போனேன்.

நிலோஃபர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "டாலரன்ஸெல்லாம் போட்டிருக்கீங்க. அண்ணா, இது களிமண்ணு. அதுக்கும் இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. ரொம்ப வேலை வாங்காதீங்க."

கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்று அவள் கேட்கவில்லை. நானும் அதை யோசிக்கவில்லை, இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. கடையில் கிடைப்பதன் அடி போதுமான கனம் இருக்காது. அதுதான் காரணம்.

ஜூலை 6, ஞாயிறு

மையத்தில் நிறுத்த வருகிறது. குழாய் மாதிரி உயர்த்த வருகிறது. கழுத்தை ஒடுக்கவும் வந்துவிட்டது, இரண்டு கையாலும் கழுத்தை நெரிப்பதுபோலப் பிடிக்க வேண்டும். வாயை விரிக்கும்போது மட்டும் ஒவ்வொரு தடவையும் விளிம்பு கிழிந்து பறக்கிறது. இன்று சுவரில் ஒட்டியது. போன வாரம் நிலோஃபரின் துப்பட்டாவில்.

அத்தை இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு நல்ல சட்டையாக எடுத்து இஸ்திரி போட்டு வைக்கிறார். இன்று நீலக் கோடு போட்டது, அரசி எடுத்துக் கொடுத்தது. களிமண் வேலைக்குப் பழைய சட்டை போதும் என்று சொல்ல நினைத்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

தவறு என்னுடையதுதான். தினமும் கம்பெனியில் லேத்தில் செய்வதையே இங்கே மறந்திருக்கிறேன். விட்டம் கூடக் கூட விளிம்பு ஓடும் வேகமும் கூடும். லேத்தில் அதற்கேற்றாற்போல சுற்று வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகும்படி புரோகிராம் எழுதுவோம். இங்கே நான் மாட்டிய டிரைவ் எதற்கும் அசையாமல் ஒரே வேகத்தில் ஓட்டுகிறது. பெடலில் கொஞ்சம் காலை எடுத்தால் மொத்தமாக நின்றுவிடுகிறது.

நிலோஃபரிடம் சொன்னேன். அவளும் இதைச் சொல்லத்தான் காத்திருந்தாளாம். "நீங்க ரிப்பேர் பண்ணதுல இருந்து ஓடுனா ஓடுது, நின்னா நிக்குது. நடுவுல ஒண்ணுமே இல்ல. இப்பத்தான் கொஞ்சம் நல்லா இருக்கற மனுசன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

டிரைவைக் கழற்றி எடுத்து வந்திருக்கிறேன். செட்டிங் மாற்ற வேண்டும்.

ஜூலை 25, வெள்ளி

பூ மார்க்கெட்டிலிருந்து வந்ததும் அத்தை கேட்டார், செப்டம்பரில் கோவில்பட்டிக்கு ரயில் டிக்கெட் கிடைப்பது கஷ்டமாக இருக்குமோ என்று.

போன செப்டம்பரில் அரசிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஒரு பையோடு வந்தவர். அந்த வாரமே எல்லாம் முடிந்துவிட்டது. வருஷ திதி வரைக்கும் வீட்டில் விளக்கேற்ற ஒரு பெண் வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்போது என் அம்மா பொள்ளாச்சியில் அண்ணன் குழந்தைகளை விட்டு வர முடியாத நிலை. அதனால் அத்தை தங்கினார். திதி முடிந்ததும் கோவில்பட்டியிலிருந்து மச்சான் வந்து கூட்டிப்போவது என்று அன்றைக்கே பேச்சு. மகன் இருக்கும்போது மருமகன் வீட்டில் ஒரு அம்மா எதற்காக இருப்பார்?

உடனே போனில் பார்த்தேன், டிக்கெட் இருந்தது. திதியன்று சாயங்கால வண்டிக்கு அவருக்கும் மச்சானுக்கும் போட்டுவிட்டேன். அவருக்குக் கீழ் பெர்த்தே கிடைத்தது. இவ்வளவு முன்னால் போட்டதால்தான் என்று காட்டினேன்.

"சரி" என்றார். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனார்.

சாப்பிடவில்லை. கேட்டால் ஏகாதசி என்றார். காலண்டரில் பார்த்தேன், இன்று ஏகாதசி இல்லை. அவர்கள் பக்கம் வேறு பஞ்சாங்கமாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒரு குழப்பம் தீர்ந்தது.

கிளம்பும்போது அத்தை கதவுக்குப் பின்னால் நின்றபடி, "அந்தப் பிள்ளைய ஒருநா வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்களேன் மாப்ள. நான் ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு எட்டு பாத்துக்கிருவேன்ல" என்றார்.

எந்தப் பிள்ளை என்றேன். போனில் அடிக்கடி பேசுகிறேனே, அந்தப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பார்க்கப் போகிறேனே, அந்தப் பிள்ளை என்றார். நிலோஃபர் அரசியின் சிநேகிதி, கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள், நான் போவது சக்கரம் சுற்ற என்று விளக்கினேன். பூ வைக்க ஜாடி செய்கிறேன் என்றும் சொன்னேன். சொம்பு சாய்வதால்.

அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா என்று முதலில் நினைத்தேன்.

நல்ல சட்டைகளின் காரணம் அப்புறம்தான் புரிந்தது. ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்து, அவர் மகள் எடுத்துக் கொடுத்த சட்டையை அவரே தேய்த்துத் தந்து அனுப்பியிருக்கிறார். வந்ததும் அதிலிருந்த களிமண்ணையும் எதுவும் கேட்காமல் துவைத்திருக்கிறார்.

இதைப் பற்றி எழுத வேறு எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அத்தையும் வந்தார். ஜாடியை எப்படித்தான் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். வண்டியில் பின்னால் உட்கார்ந்து, என் தோளைப் பிடிக்காமல் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மருதமலை ரோட்டு வேகத்தடைகளில் நான் மிகவும் மெதுவாக ஓட்டினேன்.

ஓரமாக நிற்கப் போனவரை நிலோஃபர் விடவில்லை. "நின்னுட்டே இருந்தீங்கன்னா அண்ணாவுக்குக் கை நடுங்கும், உக்காருங்கம்மா" என்று ஒரு ஸ்டூலை இழுத்து எனக்கு நேர் எதிரே போட்டாள். அத்தை என்னைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார், பிறகு அதன் நுனியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் என் எதிரே அவர் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

டிரைவை மாற்றியமைத்திருந்தேன். பெடலில் காலைத் தளர்த்தத் தளர்த்தச் சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவானது. மண்ணை மையத்தில் நிறுத்தினேன். குழி விட்டேன். உயர்த்தினேன். கழுத்தை ஒடுக்கியபோது அத்தை "ஐயோ, பாவம்" என்றார், மண்ணைப் பார்த்து. விளிம்பில் கொஞ்சம் கூடுதல் மண் விட்டு வைத்திருந்தேன், விரிய அது தேவை. ஒரு விரல் உள்ளே, ஒரு விரல் வெளியே, நடுவில் ஸ்பான்ஜ். இந்த இடத்துக்கு வந்த பிறகு கையை எடுக்க முடியாது. எடுத்தால் வட்டம் கெட்டுவிடும்.

அத்தை பேசத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை தண்டு எந்தக் கடையில் வாங்குவது, முந்தின நாள் பூவைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அடியைச் சாய்வாக வெட்டி வைத்தால் நாலு நாள் தாங்கும். ஊருக்குப் போன பிறகு மறந்துவிடக் கூடாது. அரிசி டப்பாவில் வேப்பிலை போட்டிருக்கிறார், எடுத்துவிடக் கூடாது. வீட்டில் இப்படிப் பேசினால் எழுந்து மாடிக்குப் போய்விடுவேன், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க. இன்று எழ முடியவில்லை.

விளிம்பு விரிந்துகொண்டிருந்தது.

"போகாதீங்கத்த" என்றேன்.

சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை. சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேட்டாரா என்று தெரியாததால் மறுபடி சொன்னேன். "நீங்க ஊருக்குப் போக வேண்டாம். இங்கயே இருங்க."

அதன் பிறகு எனக்கு ஜாடி சரியாகத் தெரியவில்லை. கன்னத்தில் வழிந்தது, தாடையில் வழிந்தது. இரண்டு கையிலும் களிமண், துடைக்க வழியில்லை. நிலோஃபர் ஏதோ போன் வந்ததுபோல வெளியே போனாள். போன் மேஜையில்தான் இருந்தது.

அத்தை எழுந்து சுற்றி வந்தார். முந்தானையை எடுத்து என் முகத்தை அழுத்தித் துடைத்தார், சின்னப் பிள்ளைக்கு மூக்குத் துடைப்பதுபோல. கல்யாணத்தன்றுகூட நான் காலில் விழுந்தபோது தள்ளி நின்றுதான் திருநீறு தூவினார். அவர் கை என்மேல் பட்டது இன்றுதான்.

"இத என்கிட்டச் சொல்லி என்ன செய்ய மாப்ள" என்றார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. "மகன் இருக்கையில, நான் மருமகன் வீட்லயே இருந்துக்கிருதேன்னு என் வாயால சொன்னா அவன் எங்க போய் மூஞ்சிய வச்சுக்குவான்? பெத்தவளுக்குச் சோறு போடாதவன்னு ஊரு சொல்லும். நான் சொல்லக் கூடாது. நீங்க கேக்கணும். அவன்ட்டக் கேக்கணும்."

சரி என்றேன்.

"டிக்கெட் எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். இருக்கீகளா அத்தன்னு."

கீழே பார்த்தபோது ஜாடியின் வாய் தட்டு அளவுக்கு விரிந்து, நனைந்த துணி மாதிரி சுற்றிலும் தொங்கிவிட்டிருந்தது. உள்ளே வந்த நிலோஃபர் அதைப் பார்த்தாள், எங்கள் இருவரையும் பார்த்தாள். டீ போடட்டுமா என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மச்சானுக்கு போன் செய்தேன். சண்முகவேல் மச்சான் கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அடிக்கும் பிரஸ் வைத்திருக்கிறார். நல்ல மனிதர். கோபக்காரர். அங்கே மழையே இல்லையாம்.

வைத்ததும் அத்தை அடுக்களை வாசலுக்கு வந்தார். மச்சானா என்றார். ஆமாம் என்றேன். என்ன சொன்னான் என்றார். மழை இல்லையாம் என்றேன்.

"மழையா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சாம்பாரில் உப்பு அதிகம்.

ஆகஸ்ட் 16, சனி

மறுபடி செய்தேன். பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் பிளேடு சீக்கிரம் மழுங்குகிறதாம். எந்தக் கோணத்தில் சாணை பிடிக்க வேண்டும் என்று நெடுநேரம் பேசினோம். பயனுள்ள பேச்சு. கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

ஒருவருடைய அம்மாவை எனக்குக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? அவருடைய தங்கையையும் இப்படித்தான் கேட்டோம். அப்போது என் அப்பாவும் அம்மாவும் தட்டோடு போய்க் கேட்டார்கள், நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வந்துவிட்டது.

அவசரப்படாமல் செய்தேன். கழுத்துவரை வேகமாகவே வந்தேன், அங்கே சக்கரத்தின் வேகத்தைப் பாதியாக்கினேன். விளிம்பைத் தொட்டதும் இன்னும் மெதுவாக்கினேன். விரலால் தள்ளவில்லை, அது போகிற பக்கம் கூடவே போனேன். விரிய விரியக் காலைத் தளர்த்தினேன். கடைசிச் சுற்றில் சக்கரம் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத அளவுக்கு மெல்ல நகர்ந்தது. வாய் வெளிப்பக்கம் வளைந்து, கீழ்நோக்கித் திரும்புகிற இடத்துக்குச் சற்று முன்னால் நின்றது. அங்கேயே விட்டேன்.

அதிர்வு இல்லை.

டிராயிங்கை எடுத்து அளந்து பார்க்கலாமா என்று கேட்டேன். அளந்தால் கையை உடைப்பேன் என்றாள் நிலோஃபர். விளிம்பு மெல்லியது என்பதால் உடம்புக்கு முன்னால் காய்ந்து வெடிக்கும். அதற்கு மட்டும் பிளாஸ்டிக் உறை சுற்றி வைத்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அம்மா பொள்ளாச்சியிலிருந்து பேசினாள். திதி முடியட்டும், அப்புறம் ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறாளாம். நான் போனை அத்தையிடம் நீட்டினேன். அத்தை அவளோடு நெடுநேரம் பேசினார். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள்.

போனை வைத்துவிட்டு அத்தை சொன்னார், பிள்ளை ஆசிரியப் பயிற்சி முடித்திருக்கிறாளாம், நல்ல நிறமாம். சொல்லிக்கொண்டே போட்டோவின் கண்ணாடியைத் துடைத்தார். பேச்சு முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

மச்சானுக்கு போன் செய்யவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஜாடி சூளையிலிருந்து வந்தது. வெளியே சாம்பல் கலந்த பச்சை, உள்ளே வெள்ளை. அடி கனமாக இருக்கிறது. டி.வி. ஸ்டாண்டில் வைத்தேன். அத்தை வெள்ளிக்கிழமைத் தண்டுகளைச் சொம்பிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக வைத்தார். விரிந்த வாயில் ஆளுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. ஸ்டாண்டைத் தட்டினேன், ஆட்டினேன். விழவில்லை.

அத்தை கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். "அவ இருந்தா வீடியோ எடுத்து ஊரு பூரா அனுப்பிருப்பா" என்றார்.

எடுத்திருப்பாள். என்னையும் அதற்குப் பக்கத்தில் நிற்க வைத்து, சிரிக்கச் சொல்லி, சிரித்தால் அப்படி இல்லை என்று சொல்லியிருப்பாள். அதை அத்தையிடம் சொன்னேன். இருவரும் அவளைப் பற்றி நெடுநேரம் பேசினோம். கல்யாணமான புதிதில் அவள் தோசைக் கல்லை உடைத்த கதை எனக்குத் தெரியும். சின்ன வயதில் பிரஸ்ஸிலிருந்து தீப்பெட்டி லேபிள்களைத் திருடி வந்து பள்ளிக்கூடம் முழுக்கக் கொடுத்த கதை எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை திதி. அத்தை பையைக் கட்டி வாசல் அறையில் வைத்துவிட்டார். வந்தபோது கொண்டுவந்த அதே பைதான்.

செப்டம்பர் 19, வெள்ளி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மச்சான் காலை வண்டியில் வந்தார். ஐயர் வந்து திதி செய்து வைத்தார். காகத்துக்கு வைத்தோம், உடனே வந்து எடுத்தது. மதியம் அத்தை அரசிக்குப் பிடித்ததெல்லாம் செய்திருந்தார், சேனைக்கிழங்கு வறுவல், மாங்காய்ப் பச்சடி. மச்சானும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். பிளேடு இப்போது நன்றாக வெட்டுகிறதாம்.

சாப்பிட்டு முடித்துப் பைக்கு ஜிப் போட்டார் மச்சான். ஆட்டோவுக்குச் சொல்லிவிடலாமா என்றார். அத்தை அடுக்களைக்குள் இருந்தார், பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கலாம் என்று கால் சொன்னது. ஜாடிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"மச்சான், அத்த இங்கயே இருக்கட்டுங்க."

அவர் புரியாமல் பார்த்தார். டிக்கெட்டை வேறு நாளுக்கு மாற்றிவிட்டேனோ என்பதுபோல. மறுபடி சொன்னேன்.

முகம் சிவந்தது. "என்ன மாப்ள பேசுறீக. எங்கம்மாவ நான் கொண்டுபோய் வச்சுக்கிறதுல உங்களுக்கு என்ன? ஊர்ல நான் தலை நிமிந்து நடக்க வேண்டாமா? பெத்தவளுக்குக் கஞ்சி ஊத்த வக்கில்ல, செத்த தங்கச்சி வீட்ல விட்டுட்டு வந்துட்டான்னு பேசுவாக."

"நான் கேட்டேன்னு சொல்லுங்க. கஞ்சி ஊத்துறது அவங்கதான், நான் இல்ல."

"இது என்ன பதில்?"

அது பதில் இல்லைதான். வேறு ஒன்று வாயில் வந்தது. அதையும் யோசித்துச் சொல்லவில்லை.

"இந்த ஊர்ல அரசியப் பத்தி பேச எனக்கு வேற யாரும் இல்ல மச்சான். அத்தையும் போயிட்டா, அவ இந்த வீட்டுல இருந்தான்னு எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு மட்டும் தெரிஞ்சா பத்தாதுங்க. எனக்கு அவங்க வேணும்."

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, நாளைக்கே நான் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் அம்மாவின் நிலைமை என்ன என்று கேட்டார். அது நியாயமான கேள்வி.

"தெரியலீங்க. அப்படி யாராச்சும் வந்தா, வீட்டுல மாமியார் ரெண்டு பேருன்னு சொல்லித்தான் பேசணும்."

அடுக்களையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

மச்சான் அந்தப் பக்கம் திரும்பி, "என்னம்மா சொல்லுத?" என்று சத்தமாகக் கேட்டார்.

அத்தை கதவுக்குப் பின்னால் வந்து நின்றார். எதுவும் தெரியாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, "நான் என்னத்தச் சொல்ல? மாப்ள கேக்காக. நீ பாத்து என்ன செய்யணுமோ செய்யி" என்றார். அன்றைக்கு முந்தானையால் என் முகத்தைத் துடைத்தவர் இவர்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

மச்சான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. "இதக் கேக்கத்தான் போன் போட்டுப் போட்டு மழையப் பத்தி விசாரிச்சீகளாக்கும்" என்றார்.

ஆமாம் என்றேன்.

"பொங்கலுக்கு எங்க வீட்ல இருக்கணும். ஊர்க் கோயில் பங்குனிப் பொங்கலுக்கும். நடுவுல நான் கூப்ட்டா அனுப்பணும்."

சரி என்றேன். அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். தங்கையைக் கொடுத்த அன்று பிடித்த மாதிரியே, கொஞ்சம் வலிக்கும்படி. பிறகு முகம் கழுவ வேண்டும் என்று பின்பக்கம் போனார், வர நேரமானது.

ஆட்டோ வந்தது. அதற்குள் அத்தைக்கு ஒரு பதற்றம். அம்மாவைக் கூட்டிப்போக வந்த பிள்ளை வெறுங்கையோடு போகிறானே என்று. கூடத்தில் சுற்றுமுற்றும் பார்த்தார். ஜாடியிலிருந்த சம்பங்கியை எடுத்துச் சொம்பில் வைத்தார், தண்ணீரைக் கொட்டினார், தன்னுடைய பழைய சேலை ஒன்றில் ஜாடியைச் சுற்றி மச்சான் கையில் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை கையால் செய்தது, உன் வீட்டில் இருக்கட்டும் என்றார்.

"அத்த, அது..." என்றேன்.

"இன்னொன்னு செய்யுங்க மாப்ள. ஞாயித்துக்கெழம உங்களுக்கு வேற என்ன சோலி?"

ஆட்டோவில் மச்சான் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். அம்மாவுக்குப் பதில் ஒரு ஜாடி. வீட்டில் மச்சானின் மனைவிக்கு அவர் என்ன சொல்லிச் சமாளிக்கப் போகிறார் என்று தெரியவில்லை.

தெருமுனை திரும்பும்வரை அத்தை கேட்டில் நின்றார். உள்ளே வந்து பையைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். இதுவரை அவர் பையிலேயே வைத்து எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அரசியின் அலமாரியில் கீழ்த்தட்டைக் காலி செய்து கொடுத்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

புது ஜாடிக்கு வீட்டிலேயே மண் பிசைந்தேன். கையைக் குளியலறையில் கழுவினேன். சாயங்காலம் தண்ணீர் போகாமல் தேங்கிவிட்டது. களிமண் குழாயில் இறங்கி அடைத்திருக்கிறது.

அத்தை வந்து பார்த்தார். பிறகு தொடங்கினார். இவ்வளவு படித்த மனுஷனுக்குக் களிமண்ணைக் குழாயில் விடக் கூடாது என்று தெரியாதா, கம்பெனியில் எதை நம்பி மெஷினை என் கையில் கொடுக்கிறார்கள், வாளியில் கழுவினால் கை தேய்ந்தா போகும், ஈரத்துண்டைக் கட்டிலில் போடும் வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது, இத்தனை நாள் மாப்பிள்ளை ஆயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு இருந்தாராம். கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. குளியலறை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று, இன்னொரு கையால் எனக்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

நான் தரையில் உட்கார்ந்து அடைபட்ட குழாயின் மூடியைக் கழற்றினேன். சின்ன வேலைதான். அவர் நிறுத்துவதாகத் தெரியவில்லை, நானும் மெதுவாகவே கழற்றினேன்.